முன் கியர்: பொருத்துதலும் சரிசெய்தலும்

முன் கியரின் வேலை

ரோடு சைக்கிளின் முன் கியர் நான்கு பாகங்கள் சேர்ந்தது: கிராங்கில் பூட்டப்பட்ட இரண்டு செயின்வீல்கள், செயினை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் முன் டெரெய்லர், அதை இயக்கும் இடது கை ஷிஃப்டர், ஷிஃப்டரையும் டெரெய்லரையும் இணைக்கும் கியர் வயர். பின் டெரெய்லர் செயினின் தளர்ந்த கீழ்ப் பகுதியில் வேலை செய்கிறது. முன் டெரெய்லருக்கு வாய்த்ததோ மிதிக்கும் விசை முழுவதையும் தாங்கி இறுகி நிற்கும் மேல் பகுதி. பின்னால் அடுத்தடுத்த பல்சக்கரங்களுக்கு இடையே பெரும்பாலும் ஒன்றிரண்டு பற்களே வித்தியாசம். முன்னால் ஒரே தாவலில் 14 முதல் 16 பற்களைக் கடக்க வேண்டும். அதனால்தான் பின் கியரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு பிசகு, முன் கியரில் செயினையே கழற்றிவிடுகிறது.

இன்று விற்பனையாகும் ரோடு சைக்கிள்களில் பரவலாகக் காணப்படுவது 50 பல், 34 பல் கொண்ட ‘காம்பாக்ட்’ இணை. பந்தய ஓட்டத்துக்கு 53–39, இரண்டுக்கும் நடுவே 52–36 ஆகிய இணைகளும் உண்டு. 700×25 டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.1 மீட்டர் நகரும். 50 பல் செயின்வீலும் 17 பல் பின் பல்சக்கரமும் சேர்ந்தால் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 6.2 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 85 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 31.5 கி.மீ. வேகம் கிடைக்கும். 34 பல்லும் 28 பல்லும் சேரும்போது ஒரு சுற்றுக்கு 2.5 மீட்டர்தான். நிமிடத்துக்கு 70 சுற்றில் மணிக்கு 10 கி.மீ.யைச் சற்றே தாண்டும். மலை ஏறத் தேவையான வேகம் அதுதான்.

பெரம்பலூர், அரியலூர் பகுதியில் இந்த இரண்டு செயின்வீல்களுக்கும் வேலை இருக்கிறது. பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. அதன் அருகே செல்லும் சாலை பெரும்பாலும் சமதளம். ஆனால் ஆடி மாதத்தில் தென்மேற்கிலிருந்து காற்று வீசும்போது திருச்சிப் பக்கம் போகிறவர் எதிர்க்காற்றில் சிறிய செயின்வீலுக்கு இறங்க நேரும். அதே சாலையில் கோட்டைப் பக்கம் திரும்பி வரும்போது பெரிய செயின்வீல் எளிதாக ஓடும். மேற்கே பச்சைமலை ஏற்றம். இன்னும் மேற்கே, நாமக்கல் மாவட்டத்தில், 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் கொல்லிமலைச் சாலை. சமதளத்தில் ஓட்டுகிறவருக்கு முன் கியர் தேவையில்லை என்ற எண்ணம் இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது.

வேலையின் வரிசை

முன் கியர் வேலையில் வரிசையே முக்கியம். முதலில் டெரெய்லரின் உயரம், அடுத்து கோணம், பிறகு உள் எல்லை, அதன்பின் வயர், கடைசியாக வெளி எல்லை. செயின் உரசும் சத்தம் கேட்டவுடன் திருப்புளியை எடுத்து, டெரெய்லர் நகரும் தூரத்தை வரையறுக்கும் எல்லைத் திருகுகளைத் திருகுவதே வழக்கமாக நடக்கும் தவறு. உயரமும் கோணமும் தவறாக உள்ள டெரெய்லரை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது. ஒரு பக்கச் சத்தம் நிற்கும், மறுபக்கம் செயின் கழலும்.

பொருத்தம் பார்த்தல்

புதிய டெரெய்லர் வாங்குமுன் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஃபிரேமில் பூட்டும் முறை. சில ஃபிரேம்களின் சீட் ட்யூபில் டெரெய்லருக்கான கொக்கி நிலையாகவே பொருத்தப்பட்டிருக்கும். அது இல்லாதவற்றில் வளையக் கிளாம்பு போட வேண்டும். கிளாம்பு 28.6, 31.8, 34.9 மி.மீ. ஆகிய மூன்று விட்டங்களில் கிடைக்கிறது. சீட் ட்யூபின் வெளி விட்டத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்த பிறகே வாங்க வேண்டும்.

இரண்டாவது, செயின்வீல்களின் பல் வித்தியாசம். ரோடு டெரெய்லர்கள் பெரும்பாலும் 16 பல் வித்தியாசம் வரை தாங்கும். 50–34 இணை அந்த வரம்பின் விளிம்பில் நிற்கிறது. 53 பல் வீலுக்கு 34 பல் வீலை இணைத்தால், டெரெய்லரில் செயினைச் சூழ்ந்து நிற்கும் கூண்டு அதற்கு ஈடுகொடுக்காது.

மூன்றாவது, ஷிஃப்டரும் டெரெய்லரும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவையா என்பது. ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு இழுக்கும் வயரின் நீளமும், டெரெய்லர் அந்த நீளத்துக்கு நகரும் தூரமும் ஒன்றுக்கொன்று கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. பிரேக் நெம்புகோலோடு ஷிஃப்டரையும் இணைத்த அமைப்பை ஷிமானோ 1990-ல் கொண்டுவந்தது. அன்று முதல் வயர் இழுப்பின் அளவு பல தடவை மாறியிருக்கிறது. பழைய 10 வேக ஷிஃப்டருடன் புதிய 11 வேக டெரெய்லரைப் பூட்டினால் பார்வைக்குப் பொருந்தும், கியர் மட்டும் சரியாக மாறாது.

நான்காவது, செயின் ஓடும் கோடு. ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு செயின்வீல்களின் நடு வரை உள்ள தூரம் வழக்கமான ரோடு கிராங்குகளில் 43.5 மி.மீ. டிஸ்க் பிரேக் ஃபிரேம்களுக்கான புதிய ஷிமானோ கிராங்குகளில் இது 44.5 மி.மீ. கிராங்கும் அதன் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட்டும் வேறு வேறு இடத்தில் வாங்கப்பட்டிருந்தால் இந்தக் கணக்கு தவறலாம். அப்போது டெரெய்லர் போதுமான அளவு வெளியே எட்டாது.

கருவிகளும் முன்வேலையும்

4, 5 மி.மீ. அலன் கீ, சில மாடல்களுக்கு 2 மி.மீ. அலன் கீ, சிறிய நட்சத்திரத் திருப்புளி, வயரை நசுக்காமல் வெட்டும் வயர் கட்டர், மூக்குக் குறடு ஆகியவை போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. கார்பன் ஃபிரேமுக்கு அது கட்டாயம். பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைக்க வேண்டும். ஸ்டாண்டு இல்லாவிட்டால் சீட்டைக் கயிற்றில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடலாம். தலைகீழாகக் கவிழ்த்து வைத்து முன் கியரைச் சரிசெய்வது கடினம். ஷிஃப்டர் கைக்கு எட்டாது, செயின் தொங்கும் விதமும் மாறிவிடும்.

வேலைக்கு முன் மூன்றைச் சோதிக்க வேண்டும். பின் கியர் எல்லாப் பல்சக்கரங்களிலும் சரியாக மாற வேண்டும். செயின் தேய்ந்திருக்கக் கூடாது; 11, 12 வேகச் செயின்களுக்கு 0.5 சதவீத நீட்சியே மாற்ற வேண்டிய அளவு. செயின்வீல் நெளிந்திருக்கக் கூடாது. பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கூண்டின் ஓரத்தை ஒரு குறியாக வைத்துப் பார்த்தால் வீலின் நெளிவு தெரியும். செயின்வீல்களைக் கழற்றிப் பூட்டியிருந்தால் அவற்றின் இருப்பும் சரியா என்று பார்க்க வேண்டும். பெரிய வீலின் வெளிப்புறத்தில் துருத்தும் சிறு முளை கிராங்க் கைக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். சிறிய வீலின் குறியும் கிராங்க் கையின் நேரே வர வேண்டும். வீலின் உட்பக்கத்தில் செயினை ஏற்றிவிடும் முளைகளும் சரிவுகளும் இந்த இருப்பைக் கணக்கிட்டே வெட்டப்பட்டவை.

உயரம்

கூண்டின் வெளித் தகட்டின் கீழ் விளிம்புக்கும் பெரிய செயின்வீலின் பல் நுனிக்கும் இடையே 1 முதல் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். கூண்டு ஓய்வில் இருக்கும்போது சிறிய வீலுக்கு மேலே நிற்கும். அந்த நிலையில் இந்த இடைவெளியை அளக்க முடியாது. வயரைக் கழற்றிவிட்டு, கூண்டைக் கையால் வெளியே இழுத்து, வெளித் தகடு பெரிய வீலின் பற்களுக்கு நேர் மேலே வரும்போது பார்க்க வேண்டும்.

இதற்குச் சட்டைப் பையிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தின் தடிப்பு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். கூண்டை வெளியே இழுத்துப் பிடித்தபடி, தகட்டின் விளிம்புக்கும் பல் நுனிக்கும் இடையே நாணயத்தைப் படுக்கையாக நுழைக்க வேண்டும். நாணயம் இறுகாமல் வழுக்கிக்கொண்டு போய், மேலே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தால் உயரம் சரி. நாணயமே நுழையாவிட்டால் டெரெய்லர் தாழ்ந்திருக்கிறது. கியர் மாறும்போது தகடு பற்களில் இடிக்கும். இரண்டு நாணயங்களை அடுக்கி நுழைத்த பிறகும் இடம் மிஞ்சினால் டெரெய்லர் உயர்ந்திருக்கிறது. செயின் ஏறத் தயங்கும், இறங்கும்போது உள்ளே கழன்று விழும். பற்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஆகவே பெடலை மெல்லச் சுற்றி, மிக உயரமான பல்லின் மேல் அளப்பதே முறை.

கோணம்

மேலிருந்து குனிந்து பார்க்கும்போது கூண்டின் வெளித் தகடு பெரிய செயின்வீலுக்கு இணையாக இருக்க வேண்டும். வெளித் தகட்டின் தட்டையான முன்பகுதியைத்தான் வீலோடு ஒப்பிட வேண்டும். பின்பகுதி பல மாடல்களில் வேண்டுமென்றே வளைக்கப்பட்டிருக்கும். கூண்டின் வால் வெளியே விலகியிருந்தால் கிராங்க் கை அதில் இடிக்கக்கூடும். உள்ளே சாய்ந்திருந்தால், பெரிய வீலில் செயின் ஓடும்போதே தகட்டின் வால் செயினில் உரசும்.

கிளாம்பு போல்ட்டைச் சற்றே தளர்த்தி, கூண்டை அரை மில்லிமீட்டர் அளவில் திருப்பிப் பார்த்து மீண்டும் இறுக்க வேண்டும். இறுக்கும்போது டெரெய்லர் போல்ட்டோடு சேர்ந்து திரும்பும் இயல்புடையது. எனவே இறுக்கிய பிறகு உயரம், கோணம் இரண்டையும் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். கிளாம்பு போல்ட்டுக்கு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். ஃபிரேமில் அதைவிடக் குறைவான அளவு அச்சிடப்பட்டிருந்தால் அதுவே செல்லும்.

கொக்கியில் பூட்டப்படும் சில ஷிமானோ டெரெய்லர்களில் ஃபிரேமை நோக்கி அழுத்தும் தாங்கு திருகு ஒன்று உண்டு. பெரிய வீலுக்குச் செயினைத் தள்ளும்போது டெரெய்லர் பின்வாங்காமல் தடுப்பது அதன் வேலை. திருகு தொடும் இடத்தில், உடன் வரும் உலோகத் தகட்டை ஒட்டிய பிறகே அதை இறுக்க வேண்டும். ஸ்ராம் நிறுவனத்தின் ‘யா’ வகை டெரெய்லர்களில் கூண்டே நகரும்போது சற்றுத் திரும்பும். அவற்றைக் கூண்டில் பொறித்துள்ள கோடுகளைப் பெரிய வீலோடு நேர்ப்படுத்திப் பூட்ட வேண்டும்.

உள் எல்லை

செயினைச் சிறிய செயின்வீலிலும் பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்திலும் வைக்க வேண்டும். செயின் ஃபிரேமுக்கு மிக அருகே ஓடுவது இந்த நிலையில்தான். வயர் இன்னும் பூட்டப்படாமல் இருக்க வேண்டும். பூட்டியிருந்தால் கூண்டைப் பிடித்து நிறுத்துவது திருகா வயரா என்று தெரியாது.

டெரெய்லரில் இரண்டு எல்லைத் திருகுகள் இருக்கும். ‘எல்’ குறியிட்டது உள் எல்லைக்கு, ‘ஹெச்’ குறியிட்டது வெளி எல்லைக்கு. குறி அழிந்திருந்தால் ஒன்றைத் திருகிப் பார்க்கலாம். இந்த நிலையில் எந்தத் திருகு கூண்டை நகர்த்துகிறதோ அதுவே உள் எல்லைத் திருகு. கூண்டின் உள் தகட்டுக்கும் செயினுக்கும் இடையே அரை மில்லிமீட்டருக்கு மேற்படாத இடைவெளி நிற்கும்படி அதைத் திருக வேண்டும். விசிட்டிங் கார்டு ஒன்று நுழைந்து வர முடிகிற அளவு அது. திருகை உள்ளே, அதாவது வலஞ்சுழியாகத் திருகினால் கூண்டு வெளியே நகரும். இடஞ்சுழியாகத் திருகினால் ஃபிரேமை நோக்கிப் போகும். கால் சுற்று திருகி, பெடலைச் சுற்றிப் பார்த்து, மறுபடி கால் சுற்று என்று போவதே நிதானமான முறை.

வயர்

கியர் வயரின் தடிப்பு 1.2 மி.மீ.; பிரேக் வயர் அதைவிடத் தடித்தது. வயரைவிட அதன் உறையான அவுட்டரில்தான் ஏமாற இடமுண்டு. பிரேக் அவுட்டரின் உள்ளே கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும்; அழுத்தினால் சற்றுச் சுருங்கும். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன, அழுத்தினாலும் சுருங்காது. கியருக்குப் பிரேக் அவுட்டரைப் போட்டால் ஷிஃப்டர் இழுக்கும் இழுப்பில் ஒரு பகுதி அவுட்டரின் சுருக்கத்திலேயே கரைந்துபோகும். மாறாக, பிரேக்குக்குக் கியர் அவுட்டரைப் போடுவது ஆபத்து. அழுத்தத்தில் அது பிளந்துவிடும். அவுட்டரை வெட்டிய முனை தட்டையாக இருக்க வேண்டும், உள் ட்யூபின் துளையை ஊசியால் திறந்துவிட வேண்டும், இரு முனைகளிலும் மூடி போட வேண்டும்.

வயரைப் பூட்டுமுன் இடது ஷிஃப்டரின் சிறு நெம்புகோலைக் கிளிக் சத்தம் நிற்கும் வரை அழுத்தி, முழுவதும் தளர்ந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அவுட்டரின் நடுவே வயர் இறுக்கத்தை மாற்றும் அட்ஜஸ்டர் இருந்தால் அதை முழுவதும் உள்ளே திருகி, ஒன்றிரண்டு சுற்று வெளியே எடுக்க வேண்டும். பிறகு வயரை மூக்குக் குறடால் இழுத்துப் பிடித்துப் போல்ட்டை இறுக்க வேண்டும். முறுக்கு 6 முதல் 7 நியூட்டன் மீட்டர். போல்ட்டுக்கு அடியில் வயருக்கென ஒரு சிறு பள்ளம் இருக்கும். வயர் அந்தப் பள்ளத்தில் உட்காராமல் போல்ட்டின் மறுபக்கம் போனால், நெம்புகையின் நீளம் மாறி எல்லாக் கணக்கும் தவறும்.

புதிய வயரும் அவுட்டரும் முதலில் சற்று அமர்ந்து தொய்யும். பெரிய வீலுக்கும் சிறிய வீலுக்கும் ஏழெட்டு முறை மாற்றி, வெளியே தெரியும் வயரைக் கையால் பிடித்து இழுத்துவிட்டு, தொய்வை மீண்டும் எடுத்துப் பூட்டினால் இந்தத் தொய்வு சாலையில் தொல்லை தராது. 105 ஆர்7000, அல்டெக்ரா ஆர்8000 போன்ற ஷிமானோ டெரெய்லர்களில் வயர் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு டெரெய்லரிலேயே இருக்கிறது. அதற்குத்தான் 2 மி.மீ. அலன் கீ. இணைப்புக் கையில் பொறித்த கோடுகள் நேர்ப்படுவதே சரியான இறுக்கத்தின் அடையாளம்.

வெளி எல்லை

இப்போது செயினைப் பெரிய செயின்வீலிலும் பின்னால் மிகச் சிறிய பல்சக்கரத்திலும் வைக்க வேண்டும். வெளித் தகட்டுக்கும் செயினுக்கும் இடையே மறுபடியும் அரை மில்லிமீட்டருக்குள் இடைவெளி வேண்டும். ‘ஹெச்’ திருகை இடஞ்சுழியாகத் திருகினால் கூண்டு வெளியே போக இடம் கிடைக்கும்.

திருகை வெளியே எடுத்தும் கூண்டு நகரவில்லையென்றால் குறை திருகில் இல்லை, வயர் தளர்ந்திருக்கிறது. அட்ஜஸ்டரை வெளியே திருகி வயரை இறுக்கிய பிறகே திருகுக்குத் திரும்ப வேண்டும். செயின் ஏறவில்லை என்பதற்காக இந்தத் திருகை மேலும் மேலும் வெளியே எடுக்கிறவர்கள், வயர் சரியான அன்று செயினைக் கிராங்க் கைக்கு வெளியே தள்ளிவிடுகிறார்கள்.

ட்ரிம்

பெரிய வீலில் செயின் இருக்கும்போது பின் கியரை உள் பக்கமாக மாற்றினால் செயின் சாய்ந்து கூண்டின் உள் தகட்டில் உரசத் தொடங்கும். அப்போது இடது ஷிஃப்டரின் சிறு நெம்புகோலை மெல்ல, பாதி அளவு அழுத்தினால் செயின் இறங்காது. கூண்டு மட்டும் ஒரு மயிரிழை உள்ளே நகரும். இதற்கு ட்ரிம் என்று பெயர். சிறிய வீலிலும் இதே போன்ற பாதி நிலை பல ஷிஃப்டர்களில் உண்டு. ட்ரிம்மை அறியாதவர்கள், உரசலைக் கேட்டு, சரியாக இருக்கும் திருகுகளைக் கலைத்துவிடுகிறார்கள். ட்ரிம் போட்ட பிறகும் உரசினால் மட்டுமே வயர் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். மின்சாரத்தில் இயங்கும் கியர்களில் கூண்டு தானாகவே ட்ரிம் செய்துகொள்கிறது.

சாலையில் சோதனை

ஸ்டாண்டில் சரியாக மாறும் கியர் சாலையில் மாறாமல் போகலாம். ஓட்டுபவரின் எடையும் விசையும் ஸ்டாண்டில் இல்லை. ரஞ்சன்குடிக்கும் பெரம்பலூருக்கும் இடையே நான்குவழிச் சாலையில் லாரிகளும் பேருந்துகளும் விரைவதால், சோதனைக்குக் கிராமச் சாலையே ஏற்றது. கண் சாலையில் இருக்க வேண்டும். செயினைக் குனிந்து பார்க்காமல் சத்தத்தைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் பின் கியரை நடுவில் வைத்து, பெரிய வீலுக்கும் சிறிய வீலுக்கும் பத்து முறை மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு பின்னால் பெரிய பல்சக்கரத்தில் வைத்து முன்னால் இறக்க வேண்டும். செயின் உள்ளே கழலும் வாய்ப்பு இங்கேதான் அதிகம். கடைசியாக எழுந்து நின்று மிதித்து உரசல் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றும் கணத்தில் மிதிக்கும் விசையைக் குறைத்து, பெடலை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பது ஓட்டுபவரின் பங்கு. பச்சைமலை அடிவாரத்தில் ஏற்றம் தொடங்குமுன்பே சிறிய வீலுக்கு இறங்கிவிட வேண்டும். ஏற்றத்தின் நடுவில் முழு விசையோடு மிதித்துக்கொண்டே மாற்றினால், மிக நன்றாகப் பொருத்திய டெரெய்லரும் செயினைத் தவறவிடும்.

கோளாறுகளும் காரணங்களும்

செயின் பெரிய வீலுக்கு ஏறவில்லை: வயர் தளர்வே முதல் காரணம். அடுத்து வெளி எல்லைத் திருகு மிகுதியாக உள்ளே இருப்பது, அதற்கடுத்து டெரெய்லர் உயர்ந்திருப்பது.

செயின் வெளியே விழுகிறது: வெளி எல்லை தளர்ந்திருக்கிறது, அல்லது கூண்டின் கோணம் தவறு.

செயின் உள்ளே விழுகிறது: உள் எல்லை தளர்ந்திருக்கிறது, அல்லது டெரெய்லர் உயர்ந்திருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தும் விழுந்தால் செயின் பிடிப்பான் ஒன்றைப் பூட்டலாம். கார்பன் ஃபிரேமில் விழுந்த செயின் பாட்டம் பிராக்கெட் அருகே ஃபிரேமை அறுத்துவிடக்கூடும் என்பதால் இது வீண் செலவல்ல.

சிறிய வீலுக்கு மெதுவாக இறங்குகிறது: வயர் அவுட்டருக்குள் இறுகுகிறது, அல்லது டெரெய்லரின் மூட்டுகளில் மண் சேர்ந்திருக்கிறது. ஸ்பிரிங் மட்டுமே கூண்டை உள்ளே இழுக்கிறது என்பதால் இறங்கும்போதுதான் அழுக்கு முதலில் தன்னைக் காட்டும்.

எழுந்து மிதிக்கும்போது மட்டும் உரசுகிறது: கிராங்க் போல்ட், செயின்வீல் போல்ட், பாட்டம் பிராக்கெட் ஆகியவற்றின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

மண்ணும் மழையும்

பெரம்பலூரின் கரிசல் மண் மழையில் பசைபோல ஒட்டும், காய்ந்தால் கல்லாகும். பாட்டம் பிராக்கெட்டின் அடியில் வயர் ஓடும் பிளாஸ்டிக் பள்ளம் இந்த மண்ணுக்கு நேர் இலக்கு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலைகளில் நுண்தூள் படிந்து, எண்ணெயோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிறது. இங்கே கிரீஸைத் தாராளமாகப் பூசுவது நன்மையைவிடத் தீமையே செய்யும். டெரெய்லரின் மூட்டு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கூண்டைப் பலமுறை அசைத்து, வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். மழையில் ஓட்டிய அன்றே அடிப் பள்ளத்தைத் தண்ணீர் ஊற்றிப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். அதிவேக நீர்ப் பீச்சியை டெரெய்லர் மீதோ பாட்டம் பிராக்கெட் மீதோ பிடிக்கக் கூடாது.

வயர் முதலில் பிரிவது ஷிஃப்டருக்குள்தான். அங்கே அது சிறு உருளையைச் சுற்றி வளைகிறது. கைப்பிடி ரப்பரை விலக்கிப் பார்க்கும்போது ஒரே ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தாலும் வயரை அன்றே மாற்ற வேண்டும். உள்ளே அறுந்த துண்டு சிக்கினால் ஷிஃப்டரே பழுதாகலாம். 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் கடக்க வேண்டிய பிரெவே போன்ற நெடும்பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் இந்தச் சோதனையை முந்தின வாரமே செய்ய வேண்டும். நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடைகளில் ட்யூபும் பசையும் கிடைக்கும், 1.2 மி.மீ. கியர் வயர் கிடைப்பது அரிது. சுருட்டிய வயர் ஒன்றும் அலன் கீ ஒன்றும் சீட்டுப் பையில் இருந்தால் அரை மணி நேரத்தில் பயணத்தைத் தொடரலாம்.

உயரமும் கோணமும் ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால், செயின்வீலையோ ஃபிரேமையோ மாற்றும் வரை டெரெய்லரின் கிளாம்பைத் தொட வேண்டியதில்லை. அதன்பின் தேவைப்படுவது வயர் இறுக்கமும் சுத்தமும் மட்டுமே.